இதயச் சுருக்க வலிமையின் நரம்புக் கட்டுப்பாடு

இதயச் சுருக்க வலிமையின் நரம்புக் கட்டுப்பாடு என்பது, ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தசை எவ்வளவு விசையுடன் சுருங்குகிறது என்பதைத் தன்னியக்க நரம்பு மண்டலம் மாற்றியமைக்கும் உடலியங்கியல் செயற்பாடு ஆகும். இதயம் துடிப்பதற்கு நரம்புகள் தேவையில்லை. உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தவளையின் இதயம்கூடத் தகுந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பைத் தொடங்கும் மின் தூண்டல் இதயத்தின் உள்ளேயே, வலது மேலறையின் சுவரில் உள்ள சைனஸ் கணுவில் தோன்றுகிறது. ஆனால் அத்துடிப்பு எவ்வளவு விரைவாக, எவ்வளவு வலுவாக நிகழ வேண்டும் என்பதை உடலின் தேவைக்கேற்ப மாற்றுவதில் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இக்கட்டுப்பாடு ஓடும்போதும், எழுந்து நிற்கும்போதும், குருதி இழப்பு ஏற்படும்போதும் உயிரைக் காக்கிறது. எனினும் நலிவுற்ற இதயத்தின்மீது இதே தூண்டல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது இதயத்தை மேலும் சிதைக்கிறது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டதே இதயச் செயலிழப்பு நோய்க்கான இன்றைய சிகிச்சையின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

சுருங்குதிறன்

ஓய்விலிருக்கும் வளர்ந்த ஒருவரின் இடது கீழறை, சுருங்கத் தொடங்குமுன் ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் குருதியைக் கொண்டிருக்கும். ஒரு துடிப்பில் அதிலிருந்து ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் பெருந்தமனிக்குள் வெளியேற்றப்படுகிறது. இவ்வளவு, துடிப்புக் கொள்ளளவு எனப்படும். இரு வழிகளில் இதனைக் கூட்ட முடியும்.

முதல் வழி நரம்புகளைச் சாராதது. கீழறைக்குள் கூடுதலான குருதி வந்து சேர்ந்தால் தசை நார்கள் மேலும் நீட்சியடைகின்றன. நீட்சியடைந்த நார்கள் கூடுதல் விசையுடன் சுருங்குகின்றன. இது பிராங்க்-ஸ்டார்லிங் விதி என அழைக்கப்படுகிறது.

இரண்டாவது வழியில் தசை நார்களின் தொடக்க நீளம் மாறுவதில்லை. அதே 120 மில்லிலிட்டர் குருதியுடன் தொடங்கும் கீழறை, இப்போது 70க்குப் பதிலாக 90 மில்லிலிட்டரை வெளியேற்றுகிறது எனக் கொள்வோம். இங்கே மாறியிருப்பது தசையின் உள்ளார்ந்த திறன் ஆகும். இதுவே சுருங்குதிறன் எனப்படுகிறது. நரம்புகள் முதன்மையாக இச்சுருங்குதிறனையே மாற்றுகின்றன.

இதயத்தசை கை, கால்களில் உள்ள எலும்புத்தசையிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. ஒரு கனமான பொருளைத் தூக்கும்போது நரம்பு மண்டலம் எலும்புத்தசையின் கூடுதல் நார்களைப் பணிக்கு அழைக்கிறது. இலேசான பொருளுக்குச் சில நார்களே போதும். இதயத்திலோ அண்டை உயிரணுக்கள் மின் இணைப்புக் கொண்டவை. எனவே ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா உயிரணுக்களும் சுருங்குகின்றன. ஓய்வாக வைத்திருந்து பின்னர் அழைப்பதற்கு உபரி நார்கள் எவையும் இல்லை. ஆகவே ஒவ்வோர் உயிரணுவும் தரும் விசையைக் கூட்டுவதே நரம்புகளுக்கு உள்ள வழியாகும்.

நரம்பு வழிகள்

இதயத்தைத் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் இரு பிரிவுகளும் வந்தடைகின்றன.

பரிவு நரம்புகள்: இவற்றின் தொடக்க நரம்பணுக்கள் தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியில் அமைந்துள்ளன. அங்கிருந்து புறப்படும் இழைகள் கழுத்திலும் மேல் மார்பிலும் உள்ள நரம்பு முடிச்சுகளை அடைகின்றன. அம்முடிச்சுகளிலிருந்து புறப்படும் இரண்டாம் கட்ட இழைகள் சைனஸ் கணு, மேலறைகள், கீழறைகள் ஆகிய அனைத்திற்கும் பரவுகின்றன. இவ்விழைகளின் நெடுகிலும் மணிமாலை போன்று சிறு புடைப்புகள் காணப்படும். தூண்டல் வரும்போது இப்புடைப்புகள் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. பொதுவாக வலப்பக்கப் பரிவு நரம்புகள் துடிப்பின் வேகத்தையும், இடப்பக்க நரம்புகள் கீழறையின் சுருக்க வலிமையையும் கூடுதலாகப் பாதிக்கின்றன. ஆயினும் இப்பிரிவினை முழுமையானது அன்று.

துணைப்பரிவு நரம்புகள்: இவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் தொடங்கி, பத்தாவது மண்டையோட்டு நரம்பாகிய வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை அடைகின்றன. இவை அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. சைனஸ் கணுவிலும் மேலறைகளிலும் இவற்றின் பரவல் மிகுதி. கீழறைகளில் குறைவு.

உயிரணுவினுள் நிகழ்வது

இதயத்தசை உயிரணுவின் சுருக்கத்தை முடிவு செய்வது கால்சியம் அயனி ஆகும். மின் தூண்டல் உயிரணுவை அடையும்போது அதன் மேற்சவ்வில் உள்ள கால்சியம் வாயில்கள் திறந்து, வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வருகிறது. இச்சிறு வரவு, உயிரணுவின் உள்ளே சார்க்கோபிளாச வலை என்னும் சேமிப்பகத்தில் உள்ள பெருமளவு கால்சியத்தை வெளியிடச் செய்கிறது. அவ்வாறு வெளிப்பட்ட கால்சியம் டிரோபோனின் என்னும் புரதத்துடன் இணைந்ததும் தசை இழைகள் ஒன்றன்மீது ஒன்று நழுவி, உயிரணு சுருங்குகிறது. பின்னர் கால்சியம் மீண்டும் சேமிப்பகத்துக்குள் இறைக்கப்படுகிறது. ஒரு பகுதி உயிரணுவிலிருந்து வெளியேற்றப்படுகிறது. தசை தளர்கிறது.

ஓய்வு நிலையில் வெளியிடப்படும் கால்சியம் தசை இழைகளை முழு அளவில் இயக்கப் போதுமானது அன்று. எனவே எப்போதும் ஓரளவு வலிமை கையிருப்பில் இருக்கிறது. நார்அட்ரினலின் இக்கையிருப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

1. நார்அட்ரினலின் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள பீட்டா-1 ஏற்பியுடன் இணைகிறது.
2. ஏற்பி, சவ்வின் உட்புறத்தில் உள்ள ஜி-புரதத்தைத் தூண்டுகிறது.
3. ஜி-புரதம் அடினைலைல் சைக்கிளேஸ் என்னும் நொதியைத் தூண்டுகிறது. இந்நொதி வளைய ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறுகளை உருவாக்குகிறது.
4. வளைய ஏ.எம்.பி., புரதக் கைனேஸ் ஏ என்னும் மற்றொரு நொதியைச் செயற்படுத்துகிறது.
5. இந்நொதி பல்வேறு புரதங்களில் பாஸ்பேட்டை இணைத்து அவற்றின் செயலை மாற்றுகிறது.

இவ்வாறு மாற்றப்படும் புரதங்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மேற்சவ்வின் கால்சியம் வாயிலைக் கட்டுப்படுத்தும் ராட் என்னும் புரதம். இது வழக்கமாக வாயிலின் செயலைத் தடுத்து வைத்திருக்கும். பாஸ்பேட் இணைந்ததும் இத்தடை நீங்கி, கூடுதல் கால்சியம் உள்ளே வருகிறது. நொதி வாயிலையே நேரடியாக மாற்றுகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ராட் புரதத்தின் பங்கு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் மூலமே தெளிவாயிற்று.

இரண்டாவது, பாஸ்போலாம்பன். இது கால்சியத்தைச் சேமிப்பகத்துக்குள் இறைக்கும் புரதத்திற்குத் தடையாக இருப்பது. பாஸ்பேட் இணைந்ததும் இத்தடையும் விலகுகிறது. கால்சியம் விரைவாக அகற்றப்படுவதால் தசை விரைவாகத் தளர்கிறது. அத்துடன் சேமிப்பகம் மேலும் நிரம்புவதால் அடுத்த துடிப்பில் கூடுதல் கால்சியம் வெளியாகிறது.

மூன்றாவது, டிரோபோனின்-ஐ. இதில் ஏற்படும் மாற்றத்தால் தசை இழை கால்சியத்தை எளிதில் விடுவிக்கிறது. இதுவும் தளர்வை விரைவுபடுத்துகிறது.

சுருக்கத்தைக் கூட்டும் நரம்பு தளர்வையும் விரைவுபடுத்துவது ஏன் என்ற வினா இங்கு எழலாம். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு சுழற்சிக்கு 0.8 நொடி கிடைக்கிறது. 150 முறை துடிக்கும்போது 0.4 நொடி மட்டுமே உண்டு. அக்குறுகிய நேரத்திற்குள் இதயம் சுருங்கவும் வேண்டும், தளர்ந்து குருதியால் நிரம்பவும் வேண்டும். தளர்வு விரைவாக நிகழாவிடில் கீழறை நிரம்பாது; நிரம்பாத கீழறை எவ்வளவு வலுவாகச் சுருங்கினாலும் பயனில்லை. எனவே வேகம், வலிமை, தளர்வு ஆகிய மூன்றும் ஒரே நரம்பால் ஒருங்கே உயர்த்தப்படுகின்றன. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டராக இருக்கும் இதய வெளியேற்றம், கடும் உடற்பயிற்சியில் 20 லிட்டர் அல்லது அதற்கு மேல் உயர்வதற்கு இவ்வொருங்கிணைப்பு துணைபுரிகிறது.

வேகஸ் நரம்பின் பங்கு

அசிட்டைல்கோலின், இதயத்தில் எம்-2 ஏற்பிகளுடன் இணைந்து வளைய ஏ.எம்.பி. உருவாவதைக் குறைக்கிறது. அசிட்டைல்கோலினின் செயலால் துடிப்பின் வேகம் ஒரே துடிப்புக்குள்கூடக் குறையக்கூடும். மேலறைகளின் சுருக்க வலிமையும் தெளிவாகக் குறைகிறது. கீழறைகளில் இதன் நேரடி விளைவு சிறிதே. ஆனால் பரிவு நரம்புகள் தீவிரமாகச் செயற்படும் வேளையில் வேகஸ் நரம்பின் விளைவு கீழறையிலும் வெளிப்படுகிறது. இதற்கு இரு காரணங்கள் உண்டு: அசிட்டைல்கோலின் அண்மையில் உள்ள பரிவு நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருவதையே குறைக்கிறது, அதையும் மீறி வெளிவந்த நார்அட்ரினலினின் விளைவை உயிரணுவினுள் எதிர்க்கிறது. எனவே வேகஸ் நரம்பைக் கீழறையைப் பொறுத்தவரை, பரிவு நரம்பின் மிகைச்செயலை அடக்கும் ஒன்றாகக் கருதலாம்.

குருதி அழுத்த அனிச்சைச் செயல்

நரம்புகள் தூண்டலின் அளவைத் தாமாக முடிவு செய்வதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் சுவரின் நீட்சியை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. இவை குருதி அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து முகுளத்திற்குத் தெரிவிக்கின்றன.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். புவியீர்ப்பினால் சுமார் அரை லிட்டர் குருதி கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளில் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைவதால் அழுத்தம் தாழ்கிறது. உணர் முனைகளிலிருந்து முகுளத்துக்குச் செல்லும் துடிப்பலைகள் குறைகின்றன. முகுளம் வேகஸ் நரம்பின் செயலைக் குறைத்து, பரிவு நரம்புகளின் செயலைக் கூட்டுகிறது. சில நொடிகளில் இதயத்தின் வேகமும் சுருங்குதிறனும் உயர்கின்றன; குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன; அழுத்தம் மீள்கிறது. இவ்வனிச்சைச் செயல் பிறழ்ந்தவர்களுக்கு எழுந்து நின்றவுடன் தலைச்சுற்றலோ மயக்கமோ ஏற்படலாம்.

இது ஒரு பின்னூட்டச் சுற்று ஆகும். இச்சுற்று அறிவது குருதி அழுத்தத்தை மட்டுமே. அழுத்தம் குறைந்ததற்குக் காரணம் குருதி இழப்பா, எழுந்து நின்றதா, இதயமே நலிந்ததா என்பதை இச்சுற்று வேறுபடுத்துவதில்லை. இதன் விளைவு கீழே இதயச் செயலிழப்பு என்ற பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

நரம்பற்ற இதயம்

மாற்று இதயம் பொருத்தப்படும்போது அதன் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. மனிதருக்கு மற்றொரு மனிதரின் இதயத்தைப் பொருத்தும் முதல் அறுவை சிகிச்சையைக் கிறிஸ்டியான் பர்னார்ட் 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் செய்தார். இவ்வாறு பொருத்தப்பட்ட இதயங்கள் நரம்புகளின் பங்கை அறிய உதவுகின்றன.

வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு இல்லாததால் மாற்று இதயம் ஓய்விலும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 முதல் 110 முறை துடிக்கிறது. அதனை உடையவர் நடக்கத் தொடங்கும்போது வேகம் உடனே உயர்வதில்லை. முதலில், கூடுதலாகத் திரும்பி வரும் குருதியினால் பிராங்க்-ஸ்டார்லிங் விதிப்படி சுருக்கம் வலுக்கிறது. சில நிமிடங்கள் கழித்து, அட்ரினல் சுரப்பிகள் குருதியில் விடும் அட்ரினலின் இதயத்தை அடைந்து வேகத்தையும் வலிமையையும் உயர்த்துகிறது. ஓய்வெடுத்த பின்னரும் வேகம் மெதுவாகவே தணிகிறது. நரம்பின்றியும் இதயம் வாழ்க்கைக்குப் போதுமான அளவு இயங்கும் என்பதையும், உடனடி மாற்றங்களுக்கு நரம்பு இன்றியமையாதது என்பதையும் இது காட்டுகிறது. சிலரில் ஆண்டுகள் செல்லச் செல்லப் பரிவு நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்வதும் கண்டறியப்பட்டுள்ளது.

ஆய்வு வரலாறு

1845ஆம் ஆண்டில் செருமானிய உடன்பிறப்புகளான எர்ன்ஸ்ட் வெபர், எடுவர்ட் வெபர் ஆகியோர் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத்துடிப்பு குறையும் அல்லது நின்றுவிடும் எனக் காட்டினர். நரம்பு ஓர் உறுப்பைச் செயற்படச் செய்யும் என்றே அறியப்பட்டிருந்த காலத்தில், அது செயலைத் தடுக்கவும் கூடும் என்பது புதிய செய்தியாக இருந்தது.

செரிமான ஆய்வுகளுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் இவான் பாவ்லோவ், தமது தொடக்க கால ஆய்வை இதய நரம்புகள் குறித்தே மேற்கொண்டார். 1883இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அதைப் பற்றியது. துடிப்பின் வேகத்தை மாற்றாமல் சுருக்கத்தின் வலிமையைக் கூட்டும் நரம்புக் கிளை உண்டு என்பதை அவர் நாய்களில் கண்டார். அதே ஆண்டில் இலண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயம் தொடர்ந்து சுருங்குவதற்குக் கரைசலில் கால்சியம் தேவை என்பதை வெளியிட்டார். அவரது முந்தைய சோதனைகளில் வடிநீருக்குப் பதிலாக இலண்டன் குழாய்நீர் பயன்படுத்தப்பட்டிருந்தது. அந்நீரிலிருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது எனப் பின்னர் அவர் உணர்ந்தார்.

நரம்பின் செய்தி இதயத்தை எவ்வாறு அடைகிறது என்பதை 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி நிறுவினார். அவர் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தில் இருந்த கரைசலை வேறொரு தவளை இதயத்திற்கு மாற்றினார். நரம்பு தூண்டப்படாத இரண்டாவது இதயத்தின் துடிப்பும் வலுவிழந்தது. விரைவூட்டும் நரம்பைத் தூண்டிப் பெற்ற கரைசல் இரண்டாவது இதயத்தை வலுவாகத் துடிக்கச் செய்தது. எனவே நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருள் மூலம் தெரிவிக்கிறது என்பது தெளிவாயிற்று. இதற்காக லோவியும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசு பெற்றனர்.

பாலூட்டிகளின் பரிவு நரம்புகள் வெளியிடுவது நார்அட்ரினலின் என்பதை 1946இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் கண்டறிந்தார். 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஆல்பா, பீட்டா என இருவகை ஏற்பிகள் இருப்பதாக முன்மொழிந்தார். இக்கருத்தின் அடிப்படையில் 1960களில் ஜேம்ஸ் பிளாக், பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் புரோபுரனலோல் என்னும் மருந்தை உருவாக்கினார். மார்புநெரிப்பு நோய்க்கு நல்ல பயன் தந்த இம்மருந்து வகை பீட்டா தடுப்பிகள் என அழைக்கப்பட்டது.

இதயச் செயலிழப்பு

மாரடைப்பு முதலிய காரணங்களால் இதயத்தசை நலிவுற்றால் வெளியேற்றம் குறைந்து குருதி அழுத்தம் தாழ முற்படுகிறது. மேலே கூறிய அனிச்சைச் சுற்று அதனைக் குருதி இழப்பைப் போன்றே எதிர்கொள்கிறது. பரிவு நரம்புகள் முழு அளவில் தூண்டப்படுகின்றன. தொடக்கத்தில் இது நோயாளியைக் காக்கிறது.

ஆனால் குருதி இழப்பு சில மணி நேரத்தில் சரிசெய்யப்படக்கூடியது. இதய நலிவு அவ்வாறு அன்று. எனவே தூண்டலும் நிற்பதில்லை. நாட்பட்ட தூண்டலால் இதயத்தின் ஆக்சிசன் தேவை உயர்கிறது. தசை உயிரணுக்கள் இறக்கின்றன. கீழறை விரிந்து வடிவம் மாறுகிறது. உயிருக்கு ஆபத்தான துடிப்புச் சீர்கேடுகள் தோன்றுகின்றன. தொடர்ந்து தூண்டப்படும் உயிரணு தன் மேற்பரப்பில் உள்ள பீட்டா-1 ஏற்பிகளின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்கிறது. இதனால் உண்மையான தேவை எழும்போது பயன்படுத்துவதற்குக் கையிருப்பு இல்லாமற் போகிறது. குருதியில் நார்அட்ரினலின் அளவு மிகுந்துள்ள நோயாளிகளே விரைவில் இறக்கின்றனர் என்பதை ஜே கோன் குழுவினர் 1984இல் காட்டினர்.

நலிந்த இதயத்தின் சுருக்கத்தை மருந்தால் வலுப்படுத்த வேண்டும் என்பது இயல்பான எண்ணம். வளைய ஏ.எம்.பி. சிதைவதைத் தடுத்துச் சுருக்கத்தைக் கூட்டும் மில்ரினோன் என்னும் மருந்து, கடுமையான இதயச் செயலிழப்பு உடைய 1,088 பேரிடம் வாய்வழி மாத்திரையாகச் சோதிக்கப்பட்டது. 1991இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் இறப்பு 28 விழுக்காடு மிகுதியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான வழியைச் சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் முன்னரே முயன்றிருந்தனர். ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் 1975இல், இதயத்தசை நலிவுற்ற 7 நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பி கொடுத்து அவர்கள் தேறியதாக அறிவித்தனர். நலிந்த இதயத்தின் சுருக்கத்தை மேலும் குறைக்கும் மருந்தைக் கொடுப்பது தீங்கானது என்பதே அக்கால மருத்துவக் கொள்கையாக இருந்தமையால், இம்முடிவு நெடுங்காலம் பரவலாக ஏற்கப்படவில்லை. 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் ஐயத்தை நீக்கின. அவற்றுள் ஒன்றில் 2,647 நோயாளிகள் பங்குபெற்றனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 17.3 விழுக்காட்டினரும், பைசோபுரோலோல் என்னும் பீட்டா தடுப்பி பெற்றவர்களில் 11.8 விழுக்காட்டினரும் இறந்தனர். பயன் தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

பீட்டா தடுப்பி முதல் நாட்களில் சுருக்க வலிமையைச் சிறிது குறைக்கவே செய்கிறது. ஆனால் சில மாதங்களில், ஓயாத தூண்டலிலிருந்து விடுபட்ட இதயம் தேறி, பலரில் முன்னைவிட வலுவாகச் சுருங்குகிறது. இதனால் இம்மருந்து மிகக் குறைந்த அளவில் தொடங்கப்பட்டு, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்தப்படுகிறது. நோய் திடீரெனத் தீவிரமடைந்து, மூச்சுத்திணறலோடு இருக்கும் நிலையில் இது புதிதாகத் தொடங்கப்படுவதில்லை. நெடுநாள் உட்கொண்டவர் மருத்துவரின் அறிவுரையின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது; அடக்கி வைக்கப்பட்டிருந்த பரிவுத் தூண்டல் ஒரேயடியாக இதயத்தைத் தாக்கக்கூடும்.

தகோத்சுபோ நோய்

பரிவுத் தூண்டல் குறுகிய நேரத்திலும் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதற்கு இந்நோய் எடுத்துக்காட்டாகும். நெருங்கியவரின் மறைவு போன்ற கடும் மன அதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு மாரடைப்பை ஒத்த மார்புவலி ஏற்படுகிறது. ஆனால் இதயத் தமனிகளில் அதற்குரிய அடைப்பு காணப்படுவதில்லை. இடது கீழறையின் நுனிப்பகுதி சுருங்காமல் பலூன் போல் உப்பியிருக்கும். அவ்வடிவம் ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபசு பிடிக்கப் பயன்படுத்தும் பானையை ஒத்திருந்தமையால், 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அப்பானையின் பெயரையே இந்நோய்க்கு இட்டனர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. திடீரெனப் பெருகும் அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவை இதயத்தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்வதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. பெரும்பாலானோரில் சுருக்கம் சில வாரங்களில் இயல்புநிலைக்குத் திரும்புகிறது. எனினும் தொடக்க நாட்களில் உயிராபத்து உண்டு என்பதால், மன அதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் மார்புவலியை மனக்கவலை எனத் தள்ளிவிடாமல் உடனே மருத்துவ உதவி பெறுதல் வேண்டும்.